தேசப்பன் வாயில் வைக்காத உப்பு

நூடுல்ஸை ஐஸ் தண்ணீரில் அலசும்போது தேசப்பன் தலை நிமிர்வதில்லை. பிரியாணி அண்டாவில் ஐஸ் கட்டிகள் மிதக்க, முழங்கை வரை கையை விட்டு, சுறா கழுவுகிற மும்முரத்தோடு நாலு தண்ணீர் மாற்றுகிறார். "கொழகொழப்பு போவணும் சார். இல்லாங்காட்டி ஒட்டிக்கினு களி ஆயிடும்" என்கிறார். ஜப்பான்காரன் பண்டத்தைக் களி என்று சொல்லும் தைரியம் மரக்காணம் வட்டாரத்தில் அவருக்கு மட்டும்தான் உண்டு.

உப்பளங்களைச் சுற்றியுள்ள ஊர்களில் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் அடுப்பு தேசப்பனுடையது. வயது ஐம்பத்தாறு. மடித்துக் கட்டிய கைலி, தோளில் சிவப்புத் துண்டு, காதில் செருகிய ஒரு தீக்குச்சி. கேஸ் லைட்டர் வந்து எத்தனையோ வருஷமாகிறது, குச்சி மட்டும் காதை விட்டு இறங்கவில்லை. போகும் விசேஷத்துக்கெல்லாம் ஒரு மூட்டைக் கல்லுப்பும் கூடவே வரும். தம்பி அப்பாவு உப்பளத்தில் வாருகிற உப்பு. பாக்கெட் உப்பை நீட்டினால் முகம் கோணிவிடும். "அது உப்பா சார்? பவுடரு. மூஞ்சிக்குப் பூசலாம்."

சமைக்கும்போது ருசி பார்ப்பது என்ற பேச்சே அவரிடம் கிடையாது. கோயில் படையல் செய்து பழகிய கை. சாமிக்கு முன்னால் மனுஷன் வாயில் வைக்கக் கூடாது என்ற அந்தக் கட்டுப்பாட்டை அப்படியே கல்யாண வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். கொதிக்கிற குழம்பின் ஆவியை மூக்கில் இழுப்பார், கண்ணை மூடுவார், பிடி உப்பை வீசுவார், முடிந்தது. "முப்பது வருசம் சார். உப்பு ஜாஸ்தின்னு ஒருத்தன் சொன்னதில்ல, கம்மின்னும் சொன்னதில்ல. வாயில வச்சிப் பாக்க நான் என்னா பந்திக்கு வந்தவனா?"

இந்த இடத்தில் ஒரு ரகசியத்தைப் போட்டு உடைக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்தில், பந்திக்கு முன்பே ஒரு துண்டு கறி தேறுமா என்று சமையல் கொட்டகைக்குள் நுழைந்தேன். (ஆமாம், அப்படிப்பட்ட ஆள்தான் நான்.) தேசப்பன் உப்பை வீசிவிட்டு வெற்றிலை போடத் திரும்பினார். அந்த நொடியில் அவர் மனைவி சூர்யகலா புகைக்குள் குனிந்து, ஒரு சொட்டுக் குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கி, முகத்தைச் சுளித்து, ஒரு சொம்பு புளித்தண்ணீரை ஊற்றிக் கிளறிவிட்டார். என்னைக் கண்டதும் திடுக்கிட்டு, "அவருகிட்ட சொல்லிடாதீங்க சார், மனசு ஒடிஞ்சிடுவாரு" என்றார். முப்பது வருஷப் பெருமையின் கதை இவ்வளவுதான். நானும் இதுவரை வாய் திறக்கவில்லை. காலண்டர் ராசிபலனைத் தவிர வேறெதையும் தேசப்பன் படிப்பதில்லை என்பதால் துணிந்து எழுதுகிறேன்.

வினை இந்தக் கோடையில் வந்தது. கீழ்புத்துப்பட்டுப் பக்கம் கடலோரமாக ஒரு கெஸ்ட் ஹவுஸ் இருக்கிறது. அதை நடத்துகிற பிரியங்கா துடியான பெண். ஞாயிற்றுக்கிழமைதோறும் சென்னையிலிருந்து கூட்டம் வருகிறது, மே மாத வெயிலில் பிரியாணி தின்றுவிட்டு வாடிப்போய்ப் படுத்துக்கொள்கிறது. அதனால் குளிரக் குளிர, சோயா பாலில் செய்கிற பன்னீர் மாதிரியான டோஃபு போட்ட ஒரு நூடுல்ஸ் சாலட், ஜப்பான் பாணியில் வேண்டும் என்றாள். வியாழக்கிழமை ஒத்திகை. பிடித்துப்போனால் சீசன் முழுக்க ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு தேசப்பனுடையது. கல்யாண ஆர்டர்களில் பாதியைப் பாண்டிச்சேரி கேட்டரிங்காரர்கள் அள்ளிப் போகிற நேரம். இந்த வேலை அவருக்குக் கட்டாயம் வேண்டும்.

செய்முறையைப் பிரியங்கா போனில் வீடியோவாகக் காட்டியதும் முதல் தகராறு. "ஆறிப்போனத எப்பிடிம்மா பரிமாறறது? சம்பந்தி சண்டைக்கி வருவான்!" சம்பந்தி யாரும் வரமாட்டார்கள் என்று பிரியங்கா சத்தியம் செய்த பிறகுதான் கத்தியை எடுத்தார். சோயா சாஸ் பாட்டிலைத் திறந்து பார்த்தார். கறுப்பாக இருந்தது. கலருக்குத்தான் போலிருக்கிறது என்று தாராளமாக ஊற்றினார். பிறகு வழக்கப்படி மூக்கை நீட்டினார். ஜில்லென்ற சாலட்டில் ஆவி எங்கிருந்து வரும்? பழக்க தோஷம், கண்ணை மூடி ஒரு பிடி கல்லுப்பை வீசிவிட்டார்.

காப்பாற்ற வேண்டிய சூர்யகலாவோ டோஃபுவை ஒரு விரலால் தொட்டார். அது ஆடியது. "ஐயே, உசுரோட இருக்குதுங்க!" என்று கையை உதறிக்கொண்டு வெள்ளரிக்காய் நறுக்கப் போய்விட்டார். அன்றைக்கு அந்தச் சாலட்டைப் பரிமாறும்வரை யாருமே வாயில் வைக்கவில்லை.

முதல் வாய் பிரியங்காவுடையது. நறுக்கென்று சத்தம் கேட்டது. "கடலையாண்ணே?" என்றாள். கடலை இல்லை. கொதிக்கிற அண்டாவில் கரைந்தே பழகிய உப்பு, ஐஸ் நூடுல்ஸில் கரையாமல் கல்லாகவே உட்கார்ந்திருந்தது. போதாததற்குச் சாஸிலேயே தேவையான உப்பு இருந்தது. பாவம், அந்தப் பெண் கண்ணில் நீர் தளும்ப ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்தாள்.

"அண்ணே, எல்லாம் சூப்பர். சால்ட் மட்டும்..."

"என் கையிலயா?" தேசப்பன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சண்டே ஒரு சான்ஸ் பாக்கலாம்ணே. அன்னைக்கும் இப்பிடி ஆச்சுன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும்."

மறுநாள் ஆறுதல் சொல்ல வந்த அப்பாவு, "உன் கையில கோளாறு இல்லண்ணே. இந்த வருசம் வெயில் ஜாஸ்தி, உப்பு முத்திப்போச்சி" என்று பழியை உப்பளத்தின் மேல் போட்டார். அதுவும் எடுபடவில்லை.

இதோ, அந்த ஞாயிற்றுக்கிழமை. நூடுல்ஸ் அலசியாகிவிட்டது. டோஃபுவைத் துணியில் சுற்றி, நீர் வடிய அதன்மேல் உப்பு மூட்டையையே ஏற்றி வைத்திருந்தார். "இதுக்காவது ஒதவட்டும்" என்றார் கசப்போடு. டோஃபுவை எடுத்து நல்லெண்ணெயில் இரண்டு பக்கமும் சிவக்கவிட்டு ஆறவைத்தார். கேரட், வெள்ளரி, இஞ்சி, வறுத்த எள், எலுமிச்சை எல்லாம் சேர்ந்தன. சாஸை இந்த முறை கரண்டியால் அளந்துதான் விட்டார். வெளியே தென்னை மரத்தடியில் நாற்பது பேர் தட்டோடு உட்கார்ந்தாயிற்று. பிரியங்கா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

தேசப்பன் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி உப்பை அள்ளினார். அண்டாவின் மேல் கொண்டுபோனார். மூக்கால் இழுத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. பிடித்த பிடியை அப்படியே மூட்டையில் திரும்பக் கொட்டினார். முப்பது வருஷத்தில் அந்தக் கை வெறுமனே திரும்பி நான் கேள்விப்பட்டதில்லை.

பின்னால் சூர்யகலா தட்டோரத்துக்கு நறுக்கும் வெள்ளரிக்காயை விட்டுத் தலை தூக்கவில்லை. தேசப்பன் ஒரு கரண்டியில் நூடுல்ஸைச் சுற்றி, மேலே ஒரு துண்டு டோஃபுவையும் வைத்தார். முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு, கரண்டியை மட்டும் பின்னால் மனைவி பக்கம் நீட்டினார்.

"இந்தா சூர்யா. எப்பவும் பாக்கற மாதிரி பாத்து சொல்லு."

சூர்யகலாவின் கத்தி நின்றது. என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பிறகு அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தார்.