பிலிஸ்தாவின் பொன்வாய்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். பெல்லா நகரத்தில், எங்கள் அக்கா வீட்டில், பட்டப்பகலில் நடந்தது இது. என் கண்ணால் பார்த்தேன்.

அக்கா பிலிஸ்தா திடீரென்று வந்த வயிற்றுவலியில் போய்விட்டாள். அப்பாவின் திராட்சைத் தோட்டங்களுக்கு நாங்கள் இருவரும்தான் வாரிசு. இனி நான் மட்டும். எனக்குப் பின் அக்காவின் கணவர்.

உடலைக் கழுவி, எண்ணெய் பூசி, கூடத்தில் கிடத்தினோம். இறந்தவர் வாயைப் பொன் தகட்டால் மூடி, நாடாவால் தலையைச் சுற்றிக் கட்டுவது எங்கள் வழக்கம். அக்காவின் கணவர் அமிந்தோர் தகட்டை இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இலைபோல மெல்லியது. வாய்க்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

"அதுக்குள்ள எப்படி அத்தான் செஞ்சாங்க?"

"தட்டான் சிமோனுக்குக் கை வேகம், மிர்தா. நல்லா இறுக்கிக் கட்டு."

ஒப்பாரிக்காரி நிக்கோ என் காதோரம் முணுமுணுத்தாள். "உசுரோட இருந்தப்பவே அவளப் பேச விடமாட்டான். இப்ப பொன்னுலயே பூட்டு. கொடுத்து வச்சவடி உங்க அக்கா!"

உச்சி வெயில். எல்லோரும் முற்றத்து அத்திமரத்தடியில் கண்ணயர்ந்திருந்தார்கள். அக்காவுடன் நான் மட்டும். திராட்சைத் திருவிழாவில் அவள் கடைசியாகச் சிரித்தது நினைவுக்கு வந்தது. அத்தான் என் தறியிலிருந்து நூல் எடுத்து, "யார் சிரிப்பு நீளம்னு பாப்போம்" என்று எங்கள் உதடுகளை அளந்து, அளவுக்கு நூலில் முடிச்சுப் போட்டார். அவளுக்குச் சிவப்பு. எனக்கு நீலம்.

அப்போதுதான் கவனித்தேன். காற்றே இல்லை. ஆனால் தகடு உள்ளே குழிந்தது. வெளியே புடைத்தது. மறுபடியும்... 'சர்ர்'... 'சர்ர்'...

வெயில் மயக்கம் என்று நினைத்தேன்.

அத்தான் வந்தார். கையில் கிண்ணம். "காலையிலேருந்து நீ ஒண்ணும் சாப்பிடல. தேன் கலந்த மது. குடி." வைத்துவிட்டுப் போனார். அக்காவின் பக்கம் திரும்பவே இல்லை.

கை கழுவி வந்தேன்.

'டிங்...'

அக்காவின் வாய் திறந்திருந்தது. தலைக்குப் பின்னால் நான் போட்ட முடிச்சு அவிழவில்லை. தகடு மட்டும் இல்லை.

தேடினேன்...

கிண்ணத்தின் மேல் இருந்தது.

அதன் வாயை மூடி.

மதுவைக் கொட்டினேன். தகட்டை மறுபடி கட்டினேன். அது பிறகு அசையவே இல்லை. அந்த வீட்டில் நான் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அடக்கம் முடிந்ததும் மாமா வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஒன்பதாம் நாள் கல்லறைச் சடங்கில் தட்டான் சிமோன் தயங்கித் தயங்கி வந்தார்.

"உங்க அத்தான் ரெண்டு தகடு செய்யச் சொல்லியிருந்தாரும்மா. ஒண்ணுதான் வாங்கிட்டுப் போனாரு. இது..."

"எப்போ சொன்னாரு?"

"திராட்சைத் திருவிழாவுக்கு மறுநாள்."

பொட்டலத்தைப் பிரித்தார். மெல்லிய பொன் தகடு. அதைச் சுற்றி அளவு நூல்.

நீல நூல்.