பிச்சாவரத்துக்கு ஒரு வேண்டுதல்

புதுச்சேரிக்குப் போவது எங்கள் வீட்டில் பெரிய விஷயமே இல்லை. ஆம்பூரில் பஸ் ஏறி, வேலூரில் மாறி, திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்று ஊர் ஊராக நின்று, இடுப்பு கழன்ற பிறகு கடல் வந்துவிடும். பெரிய விஷயம் மறுநாள் காலையில்தான் ஆரம்பிக்கும். "இன்னிக்கு எங்க போலாம்?" என்று யாராவது வாயைத் திறந்துவிட்டால் போதும், மதியச் சாப்பாடு வரைக்கும் லாட்ஜ் ரூமை விட்டு ஒருவரும் நகர மாட்டோம்.

காரணம் என் வீட்டுக்காரர். வாணியம்பாடிப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் தரம் பிரிக்கிற வேலை அவருக்கு. தோலை மேஜைமேல் விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்து, உண்ணி கடித்த புள்ளி, முள் கீறின கோடு, உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு எல்லாவற்றையும் விரலாலேயே கண்டுபிடித்துவிடுவார். இது ஃபர்ஸ்ட், இது செகண்ட், இது ரிஜெக்ட். நல்ல கண் என்று கம்பெனியில் பெயர். வீட்டில் அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துவது என் பாடு. தக்காளி வாங்கினாலும் வெளிச்சத்தில் புரட்டுவார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று ஜன்னல் பக்கமாக உட்கார வைத்தார்கள். அதற்கும் தனக்கும் சம்பந்தம் இல்லை என்று இன்றுவரை சாதிக்கிறார்.

லாட்ஜ் வரவேற்பில் அடுக்கி வைத்திருக்கும் சுற்றுலாத் தாள்களை அள்ளிக்கொண்டு வந்து கட்டில்மேல் விரிப்பார். அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்துக் குறை பார்ப்பார். மாமல்லபுரமா? "வேலூர்க்காரன் பஸ் ஏறிப் போய் பாறைய பாக்கணுமா?" ஆரோவில்லா? "அந்தத் தங்க உருண்டைய தூரத்துல நின்னு பாத்துட்டு வர்றதுக்கு வெயில்ல அவ்ளோ நடக்கணும். உள்ள போகணும்னா முன்னாடியே சொல்லி வெக்கணுமாம்." செஞ்சிக் கோட்டை? "படி ஜாஸ்தி." சுண்ணாம்பாறு படகு? "கூட்டம். பேஜாரு." கடைசியில் குறையே இல்லாத ஒரே இடம் அந்தக் கட்டில்தான் என்று ஆகிவிடும். சாயங்காலம் கடற்கரைச் சாலையில் நடந்து பஜ்ஜி தின்றுவிட்டு வருவோம். காட்பாடியில் கல்லூரியில் படிக்கும் எங்கள் மகள் இதற்கு பஜ்ஜி டூர் என்று பெயர் வைத்திருக்கிறாள்.

நானும் சிரித்துவிட்டுப் போகிறவள்தான். ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசர் நான். வாரம் முழுக்க மெஷின் சத்தத்தில் கத்திவிட்டு வருகிறவளுக்கு, யாரும் கூப்பிடாத ஒரு கட்டில் கிடைத்தால் அதுவே சொர்க்கம். ஆனால் இந்த மே மாதம் எனக்கு ஒரு வேலை இருந்தது. அதை முடிக்காமல் ஊர் திரும்பக்கூடாது என்று பஸ் ஏறும்போதே முடிவு செய்திருந்தேன்.

விஷயம் இதுதான். போன வருஷம் எனக்கு மார்பில் ஒரு கட்டி. கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில் பார்த்துவிட்டு, உடனே வேலூருக்குப் போகச் சொன்னார்கள். ஊசியால் சதை எடுத்தார்கள். முடிவு வாங்கப் போன அன்று ஆஸ்பத்திரி நடைபாதையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் யாரோ மாட்டியிருந்த டிராவல்ஸ் காலண்டர். இரண்டு பக்கமும் பச்சை மரங்கள், வேரெல்லாம் தண்ணீரில், நடுவில் ஒரு சின்னப் படகு. கீழே பிச்சாவரம் என்று போட்டிருந்தது. என் பெயரைக் கூப்பிடும் வரைக்கும் அதைத் தவிர வேறு எதையும் என்னால் பார்க்க முடியவில்லை. சாமி பெயர் ஒன்றுகூட வாயில் வரவில்லை. ஒன்றும் இல்லை என்று வந்தால் அந்தப் படகில் போய் உட்காருகிறேன் என்று மட்டும் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஒன்றும் இல்லை என்றுதான் வந்தது. வெறும் கொழுப்புக் கட்டி. வீட்டுக்காரர் எங்கிருந்தோ வந்தார், "முடிஞ்சுதா? போலாமா?" என்றார். பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை. என்ன மனுஷன் இவர் என்று எனக்கு உள்ளுக்குள் வலித்தது, நானும் எடுக்கவில்லை. காலண்டர் படத்திடம் வேண்டிக்கொண்டேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

ஆக, கட்டில்மேல் தாள்கள் விரிந்தவுடனே நான் முந்திக்கொண்டேன். "பிச்சாவரம்."

அவர் அந்தத் தாளைத் தேடி எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தார். "இது கடலூர் தாண்டி, சிதம்பரம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸு. போக வர ஒரு நாளே போயிடும். மே மாச வெயிலு. கொசு இருக்கும். தண்ணிக்கு நடுவுல மரம், அவ்ளோதானே? பாலாத்துல தண்ணி வந்தா நம்ம ஊர்லயே பாக்கலாம்."

"பாலாத்துல எப்போ தண்ணி வர்றது, நான் எப்போ பாக்கறது?"

"ம்மா, ஒயிட் டவுன்ல ஒரு கேஃபே இருக்கு," என்று மகள் போனிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னாள்.

"கேஃபேல இன்னா கெடைக்கும்?" என்றார் அவர்.

"காபி."

"ரிஜெக்ட்."

இரண்டு பேரும் சண்டையில் இறங்கினார்கள். பிச்சாவரம் தாள் கட்டிலிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது, யாரும் எடுக்கவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. திருப்பதியாகவோ வேளாங்கண்ணியாகவோ இருந்தால் இவர்கள் இப்படிப் புரட்டிப் பார்ப்பார்களா?

"அது என் வேண்டுதல்," என்றேன்.

சண்டை அத்தோடு நின்றது. எங்கள் பக்கத்தில் வேண்டுதல் என்று ஒரு வார்த்தை விழுந்துவிட்டால் அதற்குமேல் அப்பீல் கிடையாது. என் தம்பி ஒருவன், வேண்டுதல் என்று சொல்லித்தான் கல்யாணத்துக்கு முதல் நாள் மொட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான். பெண் வீட்டார்கூட வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்காரர் மற்ற தாள்களை மடித்து மேஜைமேல் வைத்தார்.

"மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? எந்தச் சாமிக்கு?"

இதை நான் யோசித்து வைக்கவில்லை. "பிச்சாவரத்துக்கு," என்றேன்.

"அங்க எந்தச் சாமி?"

"காடுதான்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. புற்றுக்கும் வேப்பமரத்துக்கும் வேண்டிக்கொள்கிற ஊரில் பிறந்தவர், காட்டுக்கு வேண்டிக்கொண்டால் என்ன தப்பு என்று நினைத்திருக்க வேண்டும். இருந்தாலும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது, போனில் தேடிக்கொண்டே இருந்தார். சிதம்பரம் கோயிலின் தலமரமான தில்லை அந்தக் காட்டில்தான் வளர்கிறது என்று கண்டுபிடித்ததும் முகம் தெளிந்துவிட்டது. "சரி, சாமி சம்பந்தம் இருக்கு," என்றார்.

அதோடு விட்டிருந்தால் சரி. வேண்டுதல் முடிகிற வரைக்கும் கவிச்சி கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார். அன்று ராத்திரிக்கு இறால் வறுவல் என்று மகள் காலையிலிருந்தே கனவு கண்டுகொண்டிருந்தாள்.

"கடற்கரைக்கு வந்து தயிர்சாதமாப்பா?"

"ஒரு நாளு சாப்டா ஒண்ணும் ஆவாது."

அவரும் தயிர்சாதம்தான் சாப்பிட்டார். ஆம்பூர்க்காரர், பக்கத்து மேஜையில் பொரித்த மீன் வந்து இறங்குகிறது, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. இது அந்த மாதிரி வேண்டுதல் இல்லை என்று சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் மறுபடியும் தாளை விரித்துவிடுவாரோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் விடியும்போதே எழுப்பித் தலைக்குக் குளிக்கச் சொன்னார். எங்கோ போய் ஒரு முழம் மல்லிகை வாங்கிவந்தார். கடலூர் பஸ், சிதம்பரம் பஸ், அப்புறம் ஒரு டவுன் பஸ். முந்தின நாள் அவர் சொன்ன குறைகள் ஒன்றுகூடப் பொய்யில்லை. பஸ்ஸில் நிற்கத்தான் இடம் இருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனால் வழி நெடுக அவர் வாயிலிருந்து ஒரு குறை வரவில்லை. வேண்டுதலுக்குப் போகும் வழியில் சலித்துக்கொண்டால் பலன் போய்விடுமாம்.

படகுத்துறையில்தான் கூத்து. ஆரஞ்சு நிற மிதவை உடுப்பை மாட்டிவிட்டார்கள். சேலைக்குமேல் அதைக் கட்டிக்கொண்டு நின்ற என்னை மகள் நான்கு பக்கமும் படம் பிடித்தாள். படகில் ஏறப் போகும் நேரத்தில் வீட்டுக்காரர் சட்டென்று நின்று, செருப்பைக் கழற்றினார். நல்ல தோல் செருப்பு, அவரே தோல் பார்த்து எடுத்துத் தைக்கக் கொடுத்தது. அதைத் துறையின் ஓரமாக ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தார். பலகை அடுப்பில் போட்ட தோசைக்கல்லாகக் கொதித்தது. பாதத்தை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"இன்னா பாக்கறீங்க? கழட்டுங்க. தோலு போட்டுக்கினு எப்படி?"

கழற்றினோம். வேறு வழி? பின்னால் வரிசையில் நின்ற சேலம் பக்கத்துக் குடும்பம் ஒன்று எங்களைப் பார்த்தது. அவர்கள் வீட்டுப் பெரியவர் ஏதோ முணுமுணுத்தார். ஒவ்வொருவராகச் செருப்பையும் ஷூவையும் கழற்றி எங்கள் ஜோடிகளுக்குப் பக்கத்தில் அடுக்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்ற கல்லூரிப் பையன்களும் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுக் குனிந்தார்கள்.

படகுக்காரர் துடுப்பை வைத்துவிட்டு எழுந்து நின்றார். "ஐயா, இது கோயில் இல்லீங்க. உள்ள கட்டையெல்லாம் சுடும்."

"எங்களுக்கு வேண்டுதல் இருக்குப்பா," என்றார் என் வீட்டுக்காரர்.

படகுக்காரர் என்னைப் பார்த்தார், என் தலையில் இருந்த மல்லிகையைப் பார்த்தார், உட்கார்ந்து துடுப்பை எடுத்துக்கொண்டார். மகள் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு படகின் முனையில் போய் உட்கார்ந்தாள். அவள் தோள் குலுங்கியதில் படகே ஆடியது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கொஞ்ச தூரம் திறந்த தண்ணீர். அப்புறம் படகுக்காரர் ஒரு சின்னக் கால்வாய்க்குள் திருப்பினார். வெயில் நின்றுபோனது. இரண்டு பக்கமும் சுரபுன்னை வேர்கள் தண்ணீருக்குள் இறங்கியிருந்தன, தலைக்குமேல் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருந்தன. "குனிஞ்சுக்கங்க," என்றார் படகுக்காரர். துடுப்புச் சத்தம் ஒன்றுதான் கேட்டது. காலண்டரில் இருந்ததைவிடத் தண்ணீர் கலங்கல். படம் எடுத்த இடம் இதுதானா என்றுகூடத் தெரியவில்லை. ஆனால் நான் வந்துவிட்டேன். உயிரோடு, நல்ல உடம்போடு வந்து உட்கார்ந்திருக்கிறேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கவில்லை.

மகள் முன்னால் வேர்களைப் படம் பிடிப்பதில் மும்முரமாக இருந்தாள். வீட்டுக்காரர் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்.

"இன்னான்னு வேண்டிக்கிட்ட?"

"கட்டி ஒண்ணுமில்லன்னு வந்தா இங்க வர்றேன்னு."

படகு ஒரு வளைவைத் தாண்டியது.

"அவ்ளோ பயந்தியா?"

"பயப்படாம? நீங்க பக்கத்துலகூட இல்ல."

"கீழ ஆஸ்பத்திரி ஸ்டாண்டுல வண்டிங்களுக்கு நடுவுல நின்னுட்டிருந்தேன்," என்றார். "மேல வந்தா உன் மூஞ்சிய பாக்கணும். என்னால முடியல."

"ஒரு சாமிக்காவது வேண்டிக்கிட்டீங்களா?"

"இல்ல." அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வேண்டிக்கிட்டா நெஜமாயிடும்னு பயம். வாயத் தொறக்கல. முடிவு வந்த பிறகுகூட அதப்பத்திப் பேசல, பேசினா திரும்ப வந்துடுமோன்னு."

ஒரு வருஷமாக எனக்குள் வலித்துக்கொண்டிருந்தது அந்த இடத்தில் நின்றது. அவர் கையை எடுத்து என் மடிமேல் வைத்துக்கொண்டேன். மகள் திரும்பினால் திரும்பட்டும் என்று இருந்தது.

கால்வாய் இன்னும் குறுகியது. படகுக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டு, "வழக்கமா இதோட திருப்பிடுவோங்க. போலாமா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் சொன்னார்:

"இன்னும் கொஞ்சம் உள்ள போப்பா. அவ பாக்கட்டும்."