கறக்கக் கூடாத பால்

சவளக்கடையில் எங்கள் வயலைக் காத்துவந்த நாய் கறுப்பி. சென்ற போகத்தில் அதன் முலைகள் வீங்கிப் பால் சொட்டியது. தேங்காய் மட்டையொன்றை அணைத்தபடி, யாரையும் நெருங்கவிடாமல் படுத்துக் கிடந்தது. ஈன்ற குட்டிகளை நரி தூக்கியிருக்கும் என்று நினைத்தேன்.

"பால் கட்டிட்டு காக்கா, கறந்து உட்டாச் சரியாகும்" என்றார், என்னை அண்ணன் முறையில் காக்கா என்றழைக்கும் பக்கத்து வயல்காரர்.

பத்து நாட்கள் காலையும் மாலையும் கறந்தேன். என்னிடம் மட்டும் அது உறுமவில்லை. பால் கூடியதே தவிரக் குறையவில்லை. பிறகு முலைகள் இறுகிக் கொதித்தன, சீழ் வந்தது.

ஓட்டோவில் கல்முனைக்குக் கொண்டுபோனேன்.

"ஆரு கறந்த?" என்று மிருக வைத்தியர் கேட்டார்.

"நான்தான் டொக்டர்."

"இது குட்டியே போடல்ல. பொய்க் கர்ப்பம். தொடாம உட்டிருந்தா தானா வத்தியிருக்கும். கறக்கக் கறக்க ஊறத்தான் செய்யும்."

ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. மூன்றாம் நாள் நான் அருகில் போனதும், கறக்கத்தான் வந்தேன் என்று நினைத்ததோ என்னவோ, சிரமப்பட்டுப் புரண்டு வயிற்றைக் காட்டியது. அன்று மாலை இறந்துவிட்டது.

அண்மையில் இன்னொரு வயல் நாய்க்கும் இப்படிப் பால் வடிந்தது. கறக்கப்போனவரைத் தடுத்து, வைத்தியரிடம் அனுப்பினேன். இரண்டு கிழமையில் அது குணமாகிவிட்டது. என் கறுப்பிக்கும் இவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது.