நுனி பிளந்த முடி

14.06.2023. மூன்று இஞ்ச் பிரஷ் இரண்டு. ரூ. 480.
09.11.2023. நான்கு இஞ்ச் பிரஷ் ஒன்று. ரூ. 310.
22.01.2024. இரண்டு இஞ்ச் பிரஷ் மூன்று. ரூ. 435.
17.05.2024. இரண்டரை இஞ்ச் பிரஷ் பன்னிரண்டு. ரூ. 660.

ஓராண்டுக்குள் பெயிண்டர் சென்னியப்பன் வாங்கிய பிரஷ்கள் இவ்வளவுதான். முதல் மூன்று வரிகளையும் யாரிடம் வேண்டுமானாலும் காட்டுவார். நான்காவது வரியில் பிரஷ் ஒன்றின் விலை ஐம்பத்தைந்து ரூபாய். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அந்த விலையில் ஒரு பிரஷ்ஷை அவர் வாங்கியதில்லை.

சென்னியப்பன் அனுப்பர்பாளையத்துக்காரர். அவருடைய அப்பா பாத்திரப் பட்டறையில் பாலிஷ் போட்டவர். மகனும் அதே சக்கரத்தின் முன் சில காலம் உட்கார்ந்து பார்த்து, தூசி நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட்டார். பக்கத்துத் தெருவில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தவர்களோடு ஒட்டிக்கொண்டது தற்செயல்தான். பனியன் கம்பெனிகள் ஒவ்வொரு மாடியாக உயர, அவருக்கும் வேலை ஓயாமல் கிடைத்தது. கம்பெனியில் பவர் டேபிள் மிஷினில் தைத்துக்கொண்டிருந்த இந்துமதியைக் கட்டினார். ஒரே மகள் தரணியை நர்சிங் படிக்க வைத்தார். ஐம்பத்திரண்டு வயதுக்குள் அவர் சேர்த்தது ஒரு சின்ன வீடும், 'சென்னியப்பன் அடித்தால் கோடு விழாது' என்ற பெயரும்.

அந்தப் பெயர் கடையிலேயே தொடங்கும். பிரஷ் வாங்கப் போனால் பெட்டியோடு கேட்பார். ஒவ்வொன்றாக எடுத்து, முடியையும் பிடியையும் சேர்த்திருக்கும் தகரப் பூண் ஆடுகிறதா என்று திருகிப் பார்ப்பார். முடியை விரலால் பிரித்து, நடுவில் கட்டையை வைத்துப் பருமன் காட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பார். உள்ளங்கையில் அழுத்திவிட்டு, வளைந்த முடி நிமிர்கிறதா என்று கவனிப்பார். ஒரு கொத்தைப் பிடித்து இழுப்பார். கையோடு இரண்டு முடி வந்தால் அந்தப் பிரஷ் பெட்டிக்கே திரும்பிவிடும். கடைசியாக வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் நுனியைப் பார்ப்பார். எனாமலுக்கு ஏற்றது பன்றி முடி. அது வேரில் தடித்து, போகப் போக மெலிந்து, நுனியில் இரண்டாகவோ மூன்றாகவோ பிளந்திருக்கும். அந்தப் பிளவுதான் பெயிண்டைப் பிடித்துவைத்துக்கொண்டு கோடு விழாமல் இறக்கும்.

கடைக்காரர் தங்கராஜ் ஒருநாள் பொறுமை இழந்து கேட்டார். "ஏனுங்ணா, பொண்ணு பாக்கக்கூட இத்தன நேரம் எடுத்திருக்க மாட்டீங்களாட்ட இருக்குதே?"

"அதுக்கு எங்கய்யன் போனாருங்க. பிரஷ்ஷுக்கு நாந்தானே வரோணும்."

வாங்கிய பிரஷ்ஷை உடனே பெயிண்டில் முக்கவும் மாட்டார். உள்ளங்கையில் தட்டி, சீப்பால் வாரி, சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து, உதிர வேண்டியதெல்லாம் உதிர்ந்த பிறகுதான் வேலைக்கு எடுத்துப்போவார். "எனக்கு ஒரு நாளாவது இப்படித் தலை வாரிவிட்டிருப்பீங்களா?" என்பாள் இந்துமதி.

இப்படிப்பட்டவர் அந்தப் பன்னிரண்டு பிரஷ்களை வாங்கியது கோபத்தில். ஏப்ரலில் பீகாரிலிருந்து வந்து அவரிடம் வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேர், ஒருநாள் சாயங்காலம் அவருடைய நல்ல பிரஷ்கள் மூன்றைக் கழுவாமல் டப்பாவிலேயே நிற்கவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். காலையில் பார்த்தால் முடி வளைந்து கல்லாகிக் கிடந்தது. எப்படிக் கழுவுவது என்று அவர்களுக்கு ஒருமுறை செய்து காட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். அவருக்கு ஹிந்தி வராது. காட்டித் தரப் பொறுமையும் இல்லை. இவர்கள் கெடுப்பதற்கு இந்த விலை போதும் என்று பெட்டியைப் பிரிக்காமலே பன்னிரண்டு வாங்கினார். வீட்டுக்கு வந்து ஒன்றை மட்டும் இழுத்துப் பார்த்தார். நான்கு முடி கையோடு வந்தது. முடி நல்ல முடிதான், ஒட்டுதான் மோசம். அவருக்கு அது அன்றைக்கே தெரியும். இந்த விலைப் பிரஷ்ஷுக்குச் சீப்பும் சோப்புத் தண்ணீரும் எதற்கு என்று அப்படியே பையில் போட்டார்.

வேலை வேலம்பாளையத்தில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆட்கள் பார்வையிட வருவதற்குள், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் பகுதியின் ஜன்னல்களுக்கும் கிராதிகளுக்கும் வெள்ளை எனாமல் அடிக்க வேண்டும். இப்படிப்பட்ட வேலை ஞாயிற்றுக்கிழமையில், கூடம் காலியாக இருக்கும்போதுதான் நடக்கும். அந்த ஞாயிறு கூடம் காலியாக இல்லை. குழந்தை உடுப்பு ஷிப்மென்ட் தாமதமாகிவிட்டதால் செக்கிங் பெண்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். குவாலிட்டி மேனேஜர் மைதிலி, "டேபிளை மட்டும் கொஞ்சம் நகத்திக்கலாமுங்ணா, ரெண்டு வேலையும் முடிஞ்சிரும்," என்றாள். அவரும் சரி என்றார்.

ஜன்னலை ஒட்டிய டேபிளில் இருந்தவள் சித்ராதேவி. தென்காசிப் பக்கத்துப் பெண். மகனுக்கு வந்த காய்ச்சல் விட்டதற்காகத் தை மாதம் திருச்செந்தூரில் மொட்டை போட்டிருந்தாள். தொப்பிக்குள் அடங்காமல் விரல் நீளத்துக்கு முடி குத்திட்டு நின்றது. பீகார்க்காரர்கள் கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்துவிட்டு அவள் சென்னியப்பனிடம் கேட்டாள்.

"அண்ணாச்சி, ஒங்க பிரஷ்ஷுக்கும் எனக்கும் ஒரே ஆளா முடி வெட்டிவிட்டான்?"

"உன்ற தலை தேவலை கண்ணு. படிமானமாத்தான் வளருது."

டேபிள் முழுக்கச் சிரித்தது. பெயிண்ட் சீக்கிரம் காய வேண்டுமென்று ஃபேன்கள் எல்லாம் ஓடின. ஈரச் சட்டத்தில் அங்கங்கே முடி ஒட்டியிருந்ததைச் சென்னியப்பன் கத்தி முனையால் எடுத்துப் போட்டுக்கொண்டே வந்தார். ஒட்டாமல் பறந்தவை எங்கே போயின என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூன் மாதம் பத்தாம் தேதி பில்லில் கையெழுத்து வாங்கப் போனார். மைதிலியின் மேஜை மேல் ஒரு வெள்ளைத் தாள் இருந்தது. அதில் மூன்று முடிகளை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள்.

"குழந்தை போடற துணிங்ணா," என்றாள் மைதிலி, பில்லைப் புரட்டிக்கொண்டே. "மூணு பீஸுல மூணு முடி. மூணுலயும் ஒரே செக்கர் நம்பர் ஸ்டிக்கர். அந்த மொட்டை போட்ட புள்ளைதான். நீளம்கூட அச்சு அசல் அதே நீளமுங். பையரு ஆளுங்க அத்தன பெட்டியவும் திருப்பி செக் பண்ணச் சொல்லிட்டாங்க. மெமோ குடுத்தாச்சு. இந்த வாரத்தோட நிறுத்திருவாங்க."

சென்னியப்பன் குனிந்து பார்த்தார். வேரில் தடிப்பு. போகப் போக மெலிவு. மூன்றில் இரண்டின் நுனி பிளந்திருந்தது. வாசல் வெளிச்சத்துக்குப் போக வேண்டிய தேவையே இருக்கவில்லை.

"கஷ்டமுங்க," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். மைதிலி கையெழுத்துப் போட்டாள். புதிதாகக் கட்டும் மேல் மாடிக்கும் நீங்களே விலை கொடுங்கள் என்றாள். சரியென்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். சித்ராதேவி மெமோவை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தாள். "பில்லு வந்துட்டா அண்ணாச்சி?" என்று கேட்டாள். "வந்துருச்சு கண்ணு," என்று சொல்லி அவளைத் தாண்டி நடந்தார்.

பதினான்காம் தேதி அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

மீதமிருந்த பிரஷ்களை அவர் தூக்கிப் போட்டார். பீகார்க்காரர்கள் இருவரையும் உட்காரவைத்து, டர்பன்டைனில் அலசி, தொங்கவிட்டுக் காயவைப்பதைக் கை ஜாடையிலேயே சொல்லிக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் கற்றுக்கொண்டார்கள். அது இன்னும் உறுத்தியது. எந்தச் சுவருக்கு முன் நின்றாலும் பிரஷ்ஷின் நுனி கண்ணில் பட்டது. சோற்றில் இந்துமதியின் முடி ஒன்று கிடந்த அன்று, தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார்.

இந்துமதியும் கம்பெனியில் தைத்தவள். முடி என்ற பழியோடு வெளியே வரும் செக்கரை வேறு எந்த நல்ல கம்பெனியும் எடுக்காது என்று அவளுக்குத் தெரியும்.

"ஏன் மாமா, இத எங்கிட்டச் சொல்லி என்னாகுது? எங்கிட்ட இருந்தா அந்தப் புள்ளையோட வேலையப் புடுங்குனாங்க?"

"சொன்னா மேல் மாடி வேலை போயிரும்."

"போகட்டும். அந்த வேலைய எடுத்துச் செஞ்சா மட்டும் உங்க கை சொன்ன பேச்சுக் கேக்குமா?"

ஜூலை இருபத்திரண்டாம் தேதி, குப்பையில் போகாமல் தப்பிய ஒரு ஐம்பத்தைந்து ரூபாய் பிரஷ்ஷோடு மைதிலியின் அறைக்குப் போனார். அவள் கண் முன்னே ஒரு முடியை இழுத்து வெள்ளைத் தாளில் வைத்தார். மைதிலி ஃபைலைத் திறந்து பழைய தாளைப் பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் ஒன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"அன்னைக்கே தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க அம்மிணி."

"அன்னைக்கே சொல்லியிருந்தா சரி பண்ணியிருப்பனுங்ணா. இப்ப பையருக்கு ரிப்போர்ட்டே போயிருச்சு. பெயிண்ட் அடிக்கறப்ப டேபிள்ல பீஸ் கெடந்துதுன்னு நான் எப்படி எழுதறது? அடிக்கச் சொன்னதே நாந்தானுங்."

"அதையும் சேத்தித்தானுங்க எழுதோணும்."

"உங்களுக்கு இங்க இனி வேலை இருக்காதுங்ணா."

"செரிங்க."

ஒரு தாள் வாங்கி நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு, பிரஷ்ஷையும் அங்கேயே வைத்துவிட்டு வந்தார். அடுத்துப் போக வேண்டிய இடம் அதைவிடக் கடினம்.

சித்ராதேவி லைன் வீட்டு வாசலில் பனியன் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். பீஸுக்கு இத்தனை பைசா என்று வாங்கிச் செய்யும் வேலை. அவர் சொல்லி முடிக்கும்வரை கத்தரி நிற்கவில்லை. அப்புறம்தான் நின்றது.

"என்னைக்கு அண்ணாச்சி ஒங்களுக்குத் தெரியும்?"

"பில்லு வாங்க வந்தனில்ல, அன்னைக்கு."

"நான் வெளிய நின்னேம்லா. என்னத் தாண்டித்தான போனீங்க."

"ஆமா கண்ணு."

"என்னக் கண்ணுன்னு கூப்புடாதீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் குரல் உயரவில்லை. "மொட்ட போட்டதுல ஏதோ கொற வச்சிட்டே, அதாம் சாமி கேட்டுட்டுன்னு எங்க அத்தை தெனமும் சொல்லுதா. நானும் அப்படித்தான் நெனச்சேன். பிள்ளைக்கு மறுபடியும் காய்ச்சல் வந்துருமோன்னு ராத்திரி தொட்டுத் தொட்டுப் பாக்கேன்." கத்தரியைக் கீழே வைத்தாள். "உள்ள வந்து அவகிட்டயும் சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா."

மாமியார் முத்துப்பேச்சி டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். சென்னியப்பன் நின்றபடியே மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். பிரஷ், பன்றி முடி, ஃபேன், வெள்ளைத் தாள், தான் வாய் திறக்காமல் வந்தது எல்லாம். இரண்டாம் முறை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்தார். இல்லை.

"அப்பம் சாமி குத்தம் இல்லங்கீரா?"

"இல்லீங்கம்மா. குத்தம் எம் பேர்லதானுங்க."

"நல்ல ஆளுய்யா நீரு," என்றாள் முத்துப்பேச்சி. உட்காரச் சொல்லவில்லை. மருமகளின் பக்கம் திரும்பி, "ஏட்டி, பிள்ளைக்கித் திருநீறு பூசுனது போதும், சோத்தப் போடு," என்றாள். சென்னியப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

கம்பெனியிலிருந்து பதில் இல்லை. சென்னியப்பன் வேலைக்குப் போகும் வழியில் காலை தோறும் கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றார். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை, விரட்டவும் இல்லை. மேல் மாடிக்கு வேறொருவர் சாரம் கட்டி அடிக்க ஆரம்பித்ததைக் கீழேயிருந்து பார்த்தார். ரோலர் ஓடிய தடம்கூடத் தெரிந்தது. அதைப் பற்றிச் சொல்லத் தனக்கு வாயில்லை என்று நினைத்துக்கொண்டார்.

செப்டம்பரில் ஒருநாள் மைதிலி ஸ்கூட்டரைக் கேட்டருகே நிறுத்தினாள். முகம் வாடியிருந்தது.

"எழுதியாச்சுங்ணா. எம் பேரையும் போட்டுத்தான் எழுதியிருக்குது. எனக்கும் மெமோ வந்துருச்சு. நாளைல இருந்து இங்க வந்து நிக்காதீங்க."

அந்த வாரமே அவர் ஒரு ஏணி மேல் இருந்தபோது போன் வந்தது. "லெட்டர் வந்துட்டு அண்ணாச்சி," என்றாள் சித்ராதேவி. வேலைக்குத் திரும்பப் போவாளா, மாட்டாளா என்று சொல்லவில்லை. அவர் பேச வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட அவருக்குத் துணிவு வரவில்லை. பிரஷ்ஷைப் பெயிண்டில் முக்கினார், டப்பா விளிம்பில் வழித்தார், மறுபடியும் முக்கினார்.

அவளுக்குக் கம்பெனி அனுப்பிய முதல் கடிதம் விளக்கம் கேட்டது. இரண்டாவது வேலையை நிறுத்தியது. மூன்றாவது, உடுப்பில் இருந்தது பெயிண்ட் பிரஷ்ஷின் முடி, செக்கரின் முடி அல்ல, நிறுத்தம் ரத்து என்றது. பெயிண்டர் அ. சென்னியப்பனின் வாக்குமூலத்தின்படி என்று அதில் ஒரு வரி இருந்தது. அதற்குப் பிறகு அவளுக்கு அந்தக் கம்பெனியிலிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. அந்த மூன்றாவது கடிதம் வந்த தேதி 12.09.2024.