கரி ஒன்றுக்குக் காற்று எவ்வளவு

எங்கள் அக்கா பிள்ளையார்பாளையத்தில், இரண்டு தறி ஓடிய வீட்டில் மூத்தவராகப் பிறந்தார். பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது அப்பா காலமானார். பட்டு நூல் சுற்றிக்கொண்டே வேதியியல் படித்தார். பிறகு ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆய்வுக்கூட உதவியாளராகப் பணியாற்றினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. பொய் பேச மாட்டார். எதையும் அளந்தே செய்வார். ஆனாலும் அவர் வைக்கும் சாம்பாரில் உப்பு தூக்கலாகவே இருக்கும்.

ஒரு ஐப்பசியில் நான்கு நாள் மழை விடவில்லை. முகூர்த்தப் புடவை ஒன்றை அவசரமாக முடித்துத் தர வேண்டியிருந்தது. தறியில் நீளவாக்கில் கட்டியிருந்த பாவு ஈரம் வாங்கி இழைகள் ஒட்டிக்கொண்டன. தறி அறையின் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, பாவை உலர்த்த உள்ளே கரி அடுப்பை வைத்தேன். கரி கனிந்திருந்தது, புகை இல்லை. புகை இல்லாததால் கெடுதலும் இல்லை என்று நினைத்தேன். நானும் என் மனைவியும் நெய்துகொண்டிருந்தோம். இருவருக்கும் தலைவலி.

கல்லூரியிலிருந்து வந்த அக்கா கதவைத் தள்ளித் திறந்தார். "எந்திரிங்க. ரெண்டு பேரும் வெளிய வாங்க" என்றார். இறுகிக் கிடந்த ஜன்னலைக் குழவிக்கல்லால் உடைத்தார். சாரல் அடித்துப் பாவு பாழானது.

"புகையே இல்லியே அக்கா" என்று கத்தினேன்.

"கதவ சாத்திக்கினு கரி எரிச்சா புகையா வரும்? கரி அணு ஒண்ணுக்கு ஆக்ஸிஜன் அணு ரெண்டு வேணும்டா. கிடைச்சா நாம மூச்சுல வெளிய விடற வாயு வரும். பத்தலன்னா ஒண்ணுக்கு ஒண்ணா சேந்துக்கும். அது விஷம். மணமும் இல்ல, நிறமும் இல்ல. கரி நெறைய இருக்குது, காத்துதான் கம்மி. எது கம்மியோ அத வச்சிதான் கணக்கு."

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இரண்டு சமன்பாடுகளையும் எழுதிக் காட்டினார். நான் அதைக் கிழித்துப் போட்டேன். அத்தோடு நிற்கவில்லை. என் குடும்பம் தழைப்பது பொறுக்காமல் அக்கா பாவைக் கெடுத்துவிட்டதாக உறவினர் வீடுகளில் சொல்லிவந்தேன். பலர் நம்பினார்கள். அதன்பின் விசேஷங்களுக்கு அவரை அழைப்பது குறைந்தது. அவர் யாரிடமும் விளக்கம் சொல்லப் போகவில்லை.

பல ஆண்டுகள் கழித்து என் மகளின் பாடப்புத்தகத்தில் அதே இரண்டு சமன்பாடுகளைப் பார்த்தேன். பேனா எடுத்து இரு பக்கமும் அணுக்களை எண்ணினேன், சரியாக வந்தது. வெட்கமாக இருந்தது. அப்போது அக்கா நோயில் படுத்திருந்தார். போய், தப்பு என்னுடையதுதான் என்று சொன்னேன்.

"இப்ப ஜன்னல் தொறந்து வச்சிக்கினுதான் நெய்யிறியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அது போதும்பா" என்றார். அடுத்த மாதம் காலமானார்.

மருத்துவமனையில் இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், அக்காவைச் சுமந்து சென்ற தெருவாருக்கும், அவரோடு பணியாற்றி, இன்று ஓராண்டு நினைவுக்கும் வந்திருக்கும் கல்லூரி நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது.

என் பேச்சைக் கேட்டு அக்காவோடு பேச்சை நிறுத்திய உறவினர்களாகிய நீங்களும் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். நான் சொன்னது பொய். அக்காவிடம் ஒப்புக்கொண்டேன், உங்களிடம் சொல்ல அவர் இருந்தவரை எனக்குத் துணிவு வரவில்லை. நானும் என் மனைவியும் இன்று உயிரோடு இருப்பது அவரால்தான்.