பட்டர்வொர்த் வருவதற்குள்

புது ஃபெர்ரியில் இருக்கைக்கடியில் திணித்திருந்த ஆரஞ்சுநிற மிதவை அங்கியிலிருந்து ஈர ரப்பரும் டீசலும் கலந்த வாடை. நண்பன் பிரான்சிஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவன் காணாமல் போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது.

இருவருக்கும் பினாங்குத் தீவில் சுங்கை பினாங்தான் வீடு. வேலை அக்கரையில், பட்டர்வொர்த் பக்கம், ஒரே தொழிற்சாலை. காலை ஃபெர்ரியில் ஊரே தூங்க, நாங்கள் மட்டும் வாயாலேயே போர்க்கப்பல் ஓட்டினோம். அதுவும் உலகத்தில் இல்லாத கப்பல்கள்: வரைபடத்தோடு நின்றவை, பாதி கட்டி உடைத்தவை, பீரங்கிக் கப்பலாகத் தொடங்கி விமானந்தாங்கியாக மாற்றப்பட்டவை. அவற்றுக்குரிய பீரங்கிகளைத் திருப்பிக் கொடுத்து, ஜப்பான்காரன் பினாங்கில் குண்டு போட்ட அந்த 1941 டிசம்பருக்குள் அனுப்புவோம். கப்பல் அவன், விமானங்கள் நான். எனக்கு நீச்சல்கூடத் தெரியாது என்பதை இப்போது சொல்லலாம். விதி ஒன்றே ஒன்று: ஃபெர்ரி பட்டர்வொர்த் ஜெட்டியைத் தொட்டுவிட்டால் சண்டை முடிந்தது. அப்புறம் எதையும் மாற்றக்கூடாது.

அவனுக்குப் பிடித்தது, பெயர் வைக்குமுன்பே உடைக்கப்பட்ட ஒரு கப்பல். அதன் மூன்றாவது பீரங்கியில் தன்னையே ஆளாகப் போட்டுக்கொண்டான். மாதக்கணக்கில் அதை மூழ்காமல் காப்பாற்றினான்.

ஒரு மழைக்காலையில் சொன்னான்: "சரக்குக் கப்பல்ல வேலை கெடச்சிருச்சுலா. அடுத்த வாரம் ஏறுறேன்."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்ற ஆத்திரம். அன்று விமானங்களை அலையலையாக அனுப்பினேன்.

"டேய், இவ்வளவு பிளேன் எங்கேர்ந்துலா வருது?"

"வருது. ஒன் கப்பல் போச்சு."

சிரித்தான். பிறகு கழுத்துச் சிலுவையைத் தடவிக்கொண்டே கேட்டான்: "எத்தன பேரு தப்பிச்சாங்க?"

"ஒருத்தனும் இல்ல."

"மூணாவது பீரங்கிக்காரன்?"

"அவனுந்தான்."

ஃபெர்ரி ஜெட்டியில் மோதி நின்றது.

சில மாதங்கள் துறைமுகப் படம் போட்ட தபால் அட்டைகள் வந்தன. பிறகு அவன் ஏறிய கப்பலிலிருந்து தகவல் இல்லை என்றார்கள். பிறகு கப்பலே இல்லை என்றார்கள்.

காரையும் ஆளையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு ஆடி அசைந்து போன அந்தப் பழைய ஃபெர்ரிகளும் இப்போது இல்லை. கடக்கும்போதெல்லாம் அந்தக் கப்பலைத் திரும்பவும் நீரிணைக்குக் கொண்டுவருகிறேன். அது மூழ்கத்தான் செய்கிறது. மூன்றாவது பீரங்கிக்காரனை மட்டும் ஒரு மிதவையை நோக்கி நீந்த வைக்கிறேன். பழைய ஃபெர்ரியாக இருந்தால் எட்டிப் பிடித்திருப்பான். இது வேகமாகப் போகிறது. அவன் கையை நீட்டுவதற்குள் பட்டர்வொர்த் வந்துவிடுகிறது.