திகட்டாத பொங்கல்

நெய்யைக் கடைசியில்தான் ஊற்றுவாள் நெல்லையம்மாள். அடுப்பை அணைத்து, சர்க்கரைப் பொங்கலைக் கரண்டி முதுகால் தடவிச் சமமாக்கிவிட்டு, ஒரே ஒரு தேக்கரண்டி நெய்யில் எட்டு முந்திரியை வறுத்து, நெய்யும் முந்திரியுமாக மேலே பரப்பிவிடுவாள். பார்க்கிறவர்களுக்குப் பானை முழுக்க நெய் மிதக்கிற மாதிரி இருக்கும். மேலேதான் மினுங்கும். கரண்டியை உள்ளே விட்டால் ஒன்றும் கிடையாது. ஊற்றுகிறபோது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். சாமிக்கு முன்னால் தான் வாசம் பிடித்துவிடக் கூடாதாம். ருசி பார்ப்பது என்கிற பேச்சுக்கே இடமில்லை. படைத்து, சூடம் காட்டி, இலை போட்டுப் பரிமாறி, கணவர் முதல் கவளத்தை வாயில் வைக்கிறபோது அவர் முகத்தைப் பார்த்துத்தான் தன் சமையல் எப்படி என்று அவள் தெரிந்துகொள்வாள்.

சங்கரன்கோவிலில் தெற்கு ரத வீதியை ஒட்டிய சந்தில் அவள் வீடு. வயது அறுபதை நெருங்குகிறது. முழங்கால் இரண்டும் போய்விட்டன. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவர் வேண்டும். கணவர் சங்கரராமன் தாலுகா ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோய்க்காரர். இரண்டு வருஷத்துக்கு முன்பு செருப்புக் கடித்த சின்னப் புண் ஆறாமல் கறுத்துப்போய், இடது கால் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். டாக்டர் நெல்லையம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு, "சர்க்கரை இறங்கலேன்னா அடுத்தது விரலோட நிக்காதும்மா" என்று மெதுவாகத்தான் சொன்னார். அவள் காதில் அது இன்றைக்கும் மெதுவாகவே கேட்டுக்கொண்டிருக்கிறது.

சங்கரராமன் ஒன்றும் அடங்காத மனிதர் அல்ல. காப்பியில் சீனி போட்டால் கீழே வைத்துவிடுவார். கல்யாண வீட்டில் லட்டை எடுத்துப் பக்கத்து இலையில் வைத்துவிடுவார். ஆனால் சாமிக்குப் படைத்ததை வேண்டாம் என்று சொல்ல மாட்டார். "படைச்சது உடம்புக்கு ஒண்ணும் செய்யாதுட்டி. அத இனிப்புன்னு நினைக்கதுதான் தப்பு" என்பார். அந்த வீட்டில் படைக்காத மாசம் ஏது? ஆடி வெள்ளிக்குப் பொங்கல், பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை, சரஸ்வதி பூஜைக்குச் சுசியம், தீபாவளிக்கு அதிரசமும் முந்திரிக்கொத்தும், திருவாதிரைக்குக் களி. மாசத்தில் ஒரு நாளாவது சாமி இனிப்புக் கேட்டுவிடும்.

அதனால் அவருக்குக் குறைக்க வேண்டுமானால் சாமிக்கே குறைத்தாக வேண்டும். வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை.

முதல் தடவை வெல்லத்தைப் பாதியாக எடுத்து வைத்த அன்று, மீதியைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடினாள். பூஜை அலமாரிக்கு முன்னால் நின்று கோமதியம்மாள் படத்தைப் பார்த்து, "தாயே, இன்னைக்கு அரைதான் போட்டிருக்கேன். ஒத்தக் கால்ல தபசு நின்னவ நீ. கால் அருமை உனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைத்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்லாமல் படைத்ததில்லை. இப்போதெல்லாம் குளித்து ஈரத்தலையைத் துணியால் முடிந்துகொண்டு, "தாயே, அரைதான்" என்று மட்டும் சொல்வாள். மீதியை அம்மாளே நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

கைவேலை நிறையக் கற்றுக்கொண்டுவிட்டாள். பொங்கலில் அரிசியைப் பாதியாக்கிவிட்டு, வறுத்த பாசிப்பருப்பை இரண்டு பங்காகக் கூட்டுவாள். குறைந்த வெல்லம் நிறத்தில் தெரிந்துவிடாமல் இருக்கக் கொஞ்சம் கருப்பட்டி. ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் உள்ள இனிப்பு கூடுதலாகத் தெரியுமாம். சுக்கையும் ஏலத்தையும் தாராளமாகத் தட்டிப் போடுவாள். முந்திரிக்கொத்தை எண்ணெய்ச் சட்டியில் விடாமல் பணியாரக் குழியில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டுத் திருப்பி எடுப்பாள். அதற்குப் பாதிப் பகல் போய்விடும். அதிரசத்தை இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து நசுக்கி, பிறகு பழைய வேட்டித் துணியில் சுற்றி மறுபடி அழுத்துவாள். தேங்காய்ப்பால் குழம்பான சொதிக்குக்கூடத் தலைப்பாலை விடுவதே இல்லை. மூன்றாம் பாலும் பருப்புத் தண்ணீரும் விட்டு, இஞ்சியை இரண்டு மடங்கு அரைத்து ஊற்றி, எலுமிச்சையைக் கொஞ்சம் தூக்கலாகப் பிழிந்துவிடுவாள். உறைப்பிலும் புளிப்பிலும் நாக்கு பாலைத் தேடாது.

வெண்ணெய்க்காரி பேச்சித்தாய்தான் முதலில் கண்டுபிடித்தவள். மேலநீலிதநல்லூரிலிருந்து செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் வருவாள்.

"முன்னல்லாம் மாசத்துக்கு ரெண்டு கிலோ எடுப்பிய. இப்பம் அரைக் கிலோவுக்கே யோசிக்கிய. வேற எவகிட்டயும் வாங்குதியளாக்கும்?"

"யார்கிட்ட வாங்கப் போறேன். நெய்ய ஊத்துத கை சுருங்கிப்போச்சு பேச்சி."

"கை சுருங்கலாம். ஆனா என் வியாபாரத்தயும் சேத்துச் சுருக்குதியளே."

பக்கத்து வீட்டு மாலா அவள் அதிரசத்தை ஒரு தடவை கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, விரலில் எண்ணெயே ஒட்டவில்லையே என்று அசந்துபோனாள். "அத்தே, இத யூடியூப்ல போடுங்க. ஊருல பாதிப் பேருக்கு சுகருதான்" என்றாள். நெல்லையம்மாள் பயந்துபோய் அவள் வாயைப் பொத்தாத குறையாக, "போட்டா உங்க மாமாவும் பாத்துருவாகளேம்மா" என்றாள்.

அவருக்குத் தெரிந்துவிடக் கூடாது. அதுதான் அவளுக்குப் பயம். தெரிந்தால் கோபம் வரும் என்பதல்ல. சாமிக்கே குறை வைத்துவிட்டாளே என்று மனசு விட்டுப்போகும். அதன்பிறகு வீட்டில் படைப்பதை நம்பாமல், படையலைத் தேடிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போவார். தங்கை ஞானபூரணம் பனவடலிசத்திரத்தில் இருக்கிறாள். அவள் கை நெய் விடுகிற கை. பாசத்தில் இன்னும் கொஞ்சம் விடுவாள்.

இப்படியே இரண்டு வருஷம். களைப்பு என்றால் சமையல் களைப்பு மட்டும் இல்லை. ஒரு பொய்யை நெய்யில் மினுக்கி மினுக்கி இலையில் வைக்கிற களைப்பு. ராத்திரி காலை நீட்டிப் படுத்தால் வலிப்பது முழங்காலா மனசா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

இந்த வருஷம் ஆனி கடைசியில் மூன்று மாசச் சர்க்கரைக்கு ரத்தம் எடுத்தார்கள். போன தடவையைவிடக் கூடியிருந்தது. டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆவணியில மறுபடி எடுப்போம். அதுக்குள்ள இறங்கியே ஆகணும். பாதத்துல உணர்ச்சி குறைஞ்சுக்கிட்டு வருது" என்றார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஆட்டோவில் நெல்லையம்மாள் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். வெல்லம் அரை. நெய் கால். அரிசி அரை. எதில் கூடியிருக்கும்?

பதில் ஆடி முதல் வெள்ளியன்று இலையிலேயே கிடைத்தது. சங்கரராமன் ஒரு கரண்டி பொங்கல் சாப்பிட்டார். இன்னொரு கரண்டி கேட்டார். மூன்றாவதுக்கும் இலையை நகர்த்தினார். இத்தனை நாளாக அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவள் அன்றைக்குத்தான் இலையைப் பார்த்தாள்.

"மூணாவது கரண்டிங்க" என்றாள்.

"அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு. எங்கம்மா இருந்தப்பம் ஒரு கரண்டியிலேயே திகட்டிரும். மேல கேக்க முடியாது. இப்பம் உன் பொங்கல் இறங்கிக்கிட்டே இருக்கு. வயசாக வயசாக உன் கைப்பக்குவம் கூடுதுட்டி."

நெல்லையம்மாள் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். ஆனாலும் அரையை மூன்று தடவை போட்டால் ஒன்றரை என்று தெரியும். பானையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவரைத் தடுத்து நிறுத்திக்கொண்டிருந்த ஒன்றே ஒன்றை, அந்தத் திகட்டலை, தன் கையாலேயே எடுத்துவிட்டிருக்கிறாள். அன்று பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தவள் ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

ஆடித் தபசு அன்று ஊரில் கால் வைக்க இடமில்லை. சுற்றுப்பட்டிகளிலிருந்து விடியற்காலையே பஸ் பஸ்ஸாக ஜனம் வந்து இறங்கிவிட்டது. அந்த வீட்டில் அன்றைக்கு உச்சிப்பொழுதுக்குப் படைத்துச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் தபசுக் காட்சிக்குப் போவது மாமியார் காலத்து வழக்கம். ஞானபூரணமும் பத்து மணிக்கே வந்துவிட்டாள்.

நெல்லையம்மாள் பரணிலிருந்து ஒரு வெண்கலச் சொப்பை இறக்கினாள். மகள் சின்னதில் விளையாடியது. உள்ளங்கையில் அடங்கும். ஒரு பிடி அரிசி கொள்ளும். புளி போட்டுத் தேய்த்து, அடுப்பில் வைத்தால் கம்பிமேல் நிற்காமல் சரிந்தது. தோசைக்கல்லைப் போட்டு அதன்மேல் நிறுத்தினாள். அரிசிக்கு இரண்டு பங்கு வெல்லம். முன்னே மாமியார் ஊற்றியது போலவே, அரிசி குடிக்கக் குடிக்க நெய். உப்பு இல்லை, கருப்பட்டி இல்லை. சின்னப் பாத்திரம் சட்டென்று பிடித்துக்கொள்ளும் என்பதால் முக்கால் மணி நேரம் அடுப்பை விட்டு நகராமல், மூக்கைப் பொத்தியபடி கிளறிக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அம்மாளிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை.

படையலில் சோறும் பருப்பும் காய்களும் வழக்கம்போல இருந்தன. நடுவில் அந்தச் சொப்பு. ஞானபூரணம் பார்த்துவிட்டு மோவாயில் கை வைத்தாள்.

"என்ன மதினி இது, அம்மாளுக்குச் சொப்புல பொங்கியிருக்கிய. அவளுக்கும் சுகர் வந்துட்டா?"

"வரல மதினி. அவளுக்கு நான் குறை வச்சது போதும்னு பொங்கியிருக்கேன்."

சூடம் காட்டி முடித்து இலை போட்டாள். ஆளுக்கு ஒரு நெல்லிக்காய் அளவு வைத்தாள். சங்கரராமன் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எடுத்து வாயில் போட்டார். போட்டவர் மெல்லவில்லை. கண்ணை மூடி அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

"இது எங்கம்மா பொங்கல்லா" என்றார் கடைசியில்.

"அத்தயோட அளவுதான். பாத்திரம் மட்டும் சிறுசு."

"அப்பம் இத்தன நாளா போட்டது?"

நெல்லையம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அரைங்க. வெல்லம் அரை, நெய் அதுலயும் கம்மி. ரெண்டு வருஷமா."

ஞானபூரணம் வாய்க்குக் கொண்டுபோன கையை இலையில் இறக்கினாள். தெருவில் கொட்டுச் சத்தம் போய்க்கொண்டிருந்தது.

"அவகிட்ட சொல்லிட்டுத்தான் செஞ்சியா?" என்று கோமதியம்மாள் படத்தைப் பார்த்தபடி கேட்டார் சங்கரராமன்.

"ஒவ்வொரு தடவையும் சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. நின்னுகிட்டுதான் இருந்தா."

அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. விரலை நக்கிவிட்டு அதையே ஒரு தடவை பார்த்தார். சின்னப் பிள்ளை பார்க்கிற மாதிரி இருந்தது. அந்தப் பார்வைதான் நெல்லையம்மாளுக்குத் தாங்கவில்லை. அவளுக்கென்று சொப்பின் அடியில் ஒரு கரண்டி மீதி இருந்தது. இத்தனையும் செய்தவள், ஆவணி டெஸ்ட்டை மறந்து, அதை வழித்து எடுத்துக்கொண்டு அவர் இலைக்கு மேலே குனிந்தாள்.

சங்கரராமன் இரண்டு கைகளையும் இலைக்குக் குறுக்கே நீட்டி மறித்துவிட்டார்.

கரண்டி அந்தரத்திலேயே நின்றது. அவர் கையை எடுப்பாரா என்று அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். எடுக்கவில்லை. பந்தி முடியவில்லை, இன்னும் மோர் ஊற்றவில்லை. ஆனாலும் நெல்லையம்மாள் அந்த இடத்திலேயே, இரண்டு இலைக்கும் நடுவில், வெறுந்தரையில் மெல்ல உட்கார்ந்தாள். கரண்டியில் இருந்ததைத் தன் உள்ளங்கையில் சரித்துக்கொண்டு, நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.